வாழ்நாளும் சாதியும்

(அம்பேத்கர் நினைவு நாள் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



டிசம்பர் 6 அன்று கூடும்போது பாபாசாகேப் எழுதியதையும் போராடியதையும் பேசுவது நம் வழக்கம். இன்று அவர் வாழ்ந்த ஆண்டுகளின் எண்ணிக்கையிலிருந்து தொடங்குகிறேன். 1891 ஏப்ரல் 14 அன்று பிறந்தார். 1956 டிசம்பர் 6 அன்று மறைந்தார். 65 ஆண்டுகள். நாகபுரியில் பௌத்தம் தழுவி 53 நாட்கள்தான் ஆகியிருந்தன. ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூல் அடுத்த ஆண்டுதான் அச்சாகி வந்தது. அதை அவர் கையில் வாங்கிப் பார்க்கவில்லை.

65 என்பது குறைந்த வயதா? அந்தக் காலத்துக் கணக்கில் அது நீண்ட ஆயுள். நாடு விடுதலை பெற்ற காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுட்காலம் சுமார் 32 ஆண்டுகள். ராம்ஜி சக்பால், பீமாபாய் இணையருக்குப் பதினான்காவது குழந்தையாகப் பிறந்தவர் அவர். அந்தப் பதினான்கு பேரில் பலர் சிறு வயதிலேயே இறந்துபோனார்கள். அவருக்கும் ரமாபாய்க்கும் பிறந்தவர்கள் ஐந்து பேர். ரமேஷ், கங்காதர், இந்து, ராஜரத்னா ஆகிய நால்வரும் குழந்தைகளாகவே இறந்தார்கள். யஷ்வந்த் ஒருவர்தான் பிழைத்தார். ரமாபாய் 1935 மே 27 அன்று இறந்தபோது அவருக்கு வயது 37.

கொலம்பியாவிலும் லண்டனிலும் பட்டம் பெற்ற ஒருவருடைய வீட்டில் நான்கு பிள்ளைச் சாவுகள். இதைத் தியாகம் என்ற தலைப்பில் நாம் பேசுகிறோம். தியாகம்தான், மறுக்கவில்லை. ஆனால் தியாகம் என்று சொல்லி முடித்துவிட்டால், அந்தப் பிள்ளைகள் ஏன் இறந்தார்கள் என்று கேட்காமலே போய்விடுகிறோம். ஓர் உயிர் எவ்வளவு காலம் வாழும் என்பதை எது முடிவு செய்கிறது? இன்றைக்கு நான் பேச வந்தது அதைப் பற்றித்தான். கொஞ்சம் அறிவியல் வரும். பிறகு நம் தெருவுக்கு வருவேன்.

ஈசலின் ஆயுள்

நிலையற்ற வாழ்வுக்கு உதாரணம் சொல்லச் சொன்னால் தமிழில் எல்லோரும் ஈசலைச் சொல்வார்கள். மழை பெய்த மாலையில் புற்றிலிருந்து கிளம்பும், விளக்கைச் சுற்றும், விடிந்தால் வாசலெங்கும் இறகுகள் கிடக்கும். ஒருநாள் வாழ்வு என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

உண்மை வேறு. ஈசல் என்பது இறகு முளைத்த கறையான். பறந்து வந்து, துணை சேர்ந்து, இறகை உதிர்த்துவிட்டு மண்ணுக்குள் இறங்குகிற ஈசல்தான் புதுப் புற்றின் ராணியாகிறது. அந்த ராணி பத்து ஆண்டுகளுக்கும் மேல் வாழக்கூடியது. அப்படியென்றால் மற்றவை ஏன் ஒரே நாளில் போகின்றன? காக்கை தின்கிறது, பல்லி தின்கிறது, தவளை தின்கிறது, எறும்பு இழுத்துப் போகிறது. நாமும் பிடித்து, அரிசியோடு வறுத்துத் தின்கிறோம். ஒரு நாள் என்பது ஈசலுடைய உடம்பின் அளவு இல்லை. அது எத்தனை வாய்களைக் கடந்து மண்ணுக்குள் போக வேண்டியிருக்கிறது என்பதன் அளவு.

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வாழ்நாள் என்ற ஒரே சொல்லால் நாம் இரண்டு வேறு விஷயங்களைச் சொல்கிறோம். ஒன்று, ஓர் உயிரினத்தின் உடம்பு அதிகபட்சம் எவ்வளவு காலம் தாங்கும் என்பது. இன்னொன்று, அந்த உயிரினத்தில் பிறந்தவர்கள் நடப்பில் சராசரியாக எவ்வளவு காலம் வாழ்கிறார்கள் என்பது.

முதல் கணக்கில் இயற்கை வியப்பானது. ஐஸ்லாந்துக் கடலில் 2006-இல் எடுத்த ஒரு சிப்பிக்கு, அதன் ஓட்டின் வளையங்களை எண்ணி 507 வயது என்று கண்டார்கள். கிரீன்லாந்துச் சுறா ஒன்றின் வயதை ஏறத்தாழ 390 என்று 2016-இல் வந்த ஆய்வு மதிப்பிட்டது. அமெரிக்காவின் நெவாடாவில் 1964-இல் வெட்டப்பட்ட ஒரு பைன் மரத்தில் 4,862 வளையங்கள் இருந்தன. மனிதர்களில், சான்றுகளோடு உறுதி செய்யப்பட்ட அதிகபட்ச வயது பிரான்ஸ் நாட்டின் ழான் கால்மன் என்ற பெண்ணுடையது. 1875-இல் பிறந்து 1997-இல், 122 வயதில் இறந்தார்.

ஏன் ஒன்றுக்கு நீளம், ஒன்றுக்குக் குட்டை? சுண்டெலி இரண்டு மூன்று ஆண்டுகள் வாழும். ஏறக்குறைய அதே எடையுள்ள சில வௌவால்கள் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்கின்றன. பறக்கத் தெரிந்ததால் வௌவாலைப் பிடித்துத் தின்பவை குறைவு. எப்போது வேண்டுமானாலும் கொல்லப்படலாம் என்ற நிலையில் தலைமுறை தலைமுறையாக வாழும் இனத்தில், நீண்ட நாள் தாங்கும் உடம்பு உருவாவதற்கு வாய்ப்பில்லை. பீட்டர் மெடவார் 1952-இல் வெளியிட்ட சிந்தனையிலிருந்து வளர்ந்த விளக்கம் இது. இதற்கு லட்சக்கணக்கான ஆண்டுகள் பிடிக்கும். மனிதர் எல்லோரும் ஒரே இனம். ஊருக்கும் சேரிக்கும் நடுவே இப்படியொரு உடல் வேறுபாடு இல்லை. இருவர் உடம்பும் ஒரே அளவு தாங்கக்கூடியதுதான்.

ஆகவே நம் கேள்வி இரண்டாவது கணக்கைப் பற்றியது. சராசரி ஆயுட்காலம் 32 என்றால் எல்லோரும் 32 வயதில் செத்தார்கள் என்று பொருள் இல்லை. ஒரு குழந்தை ஒரு வயதுக்குள் இறந்து, ஒருவர் 64 வயது வரை வாழ்ந்தால் சராசரி 32. கைக்குழந்தைகள் கூட்டம் கூட்டமாக இறந்த நாட்டின் எண் அது. தடுப்பூசி, குடிநீர், உணவு, மகப்பேறு மருத்துவம் வந்த பிறகு 2016–20 காலத்துக்கு அரசு வெளியிட்ட கணக்கில் அது 70 ஆனது. எழுபதே ஆண்டுகளில் இந்தியரின் உடம்பு மாறிவிடவில்லை. மாறியது ஏற்பாடு.

ஒரே முட்டை

இன்னொரு பூச்சியைச் சொல்கிறேன். தேன்கூட்டில் ராணித் தேனீ இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை வாழும். வேலைக்காரத் தேனீ வேலை மும்முரமாக இருக்கும் பருவத்தில் ஆறு வாரம் வாழும். ஆனால் ராணியும் வேலைக்காரியும் ஒரே மாதிரி முட்டையிலிருந்து வருகிறார்கள். எந்தப் பெண்புழு ராணியாகும் என்பது முட்டையில் எழுதப்பட்டிருக்கவில்லை. முதல் மூன்று நாள் எல்லாப் புழுவுக்கும் ராயல் ஜெல்லி என்ற சத்துக்கூழ் கிடைக்கும். அதற்குப் பிறகும் தொடர்ந்து அதையே ஊட்டினால் ராணி. நிறுத்திவிட்டு வேறு உணவு கொடுத்தால் வேலைக்காரி. வேலைக்காரி கூட்டுக்குள் இருக்கும் வரை உடம்பு தாங்குகிறது. வெளியே பூவுக்குப் பூ பறந்து சுமக்கத் தொடங்கிய பிறகு, இறக்கை தேய்ந்து சில வாரங்களில் சாகிறாள். குளிர்நாடுகளில் பனிக்காலத்துக்கு முன் பிறக்கும் வேலைக்காரிகளுக்குச் சுமக்கும் வேலை இல்லை. அவர்கள் பல மாதம் வாழ்கிறார்கள்.

பூச்சியியலாளர்கள் இந்தப் பிரிவுகளுக்கு வைத்திருக்கும் பெயர் சாதி. ஆங்கிலத்தில் நம் சாதிக்கு வழங்கும் அதே சொல்தான். இதைக் காட்டி, பார், இயற்கையிலேயே சாதி இருக்கிறது என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களுக்கு நாம் சொல்ல வேண்டிய பதில் அந்தக் கூட்டிலேயே இருக்கிறது. முட்டையில் வித்தியாசம் இல்லை. எதை ஊட்டினார்கள், எந்த வேலையில் விட்டார்கள் என்பதில்தான் ஆண்டுக்கும் வாரத்துக்குமான வித்தியாசம். பிறப்பால் உயர்வு தாழ்வு என்பதற்குத் தேனீ சாட்சி சொல்லாது. தேனீக்குத் தன் கூட்டின் ஏற்பாட்டை மாற்றத் தெரியாது. நமக்குத் தெரியும்.

எண்களைச் சரியாகச் சொல்வோம்

இப்போது மனிதர்களின் கணக்கு. ஐ.நா. பெண்கள் அமைப்பு 2018-இல் வெளியிட்ட அறிக்கை, இந்தியாவில் தலித் பெண்கள் உயர்சாதிப் பெண்களைவிட சராசரியாக 14.6 ஆண்டுகள் முன்பே இறக்கிறார்கள் என்றது. இந்த எண் பல மேடைகளில் ஆயுட்காலத்தின் வேறுபாடு என்று சொல்லப்படுகிறது. அது இறந்தவர்களின் சராசரி வயதில் உள்ள வேறுபாடு. ஒரு சமூகத்தில் இளவயதினர் அதிகம் இருந்தாலே அந்தச் சராசரி இறங்கிவிடும். ஆயுட்காலம் வேறு விதமாகக் கணக்கிடப்படுவது. எதிரில் இருப்பவர் இந்த ஓட்டையைக் காட்டி நம் வாதத்தையே தள்ளிவிடலாம். அதனால் சொல்கிறேன்.

ஆயுட்காலத்தைக் கணக்கிட்ட ஆய்வு 2022-இல் வந்தது. சங்கீதா வியாஸ், பாயல் ஹதி, ஆஷிஷ் குப்தா ஆகிய மூவரும் 2010–11 ஆண்டுச் சுகாதாரக் கணக்கெடுப்பை எடுத்துக்கொண்டார்கள். அசாம், பீகார், சத்தீஸ்கர், ஜார்க்கண்ட், மத்தியப் பிரதேசம், ஒடிசா, ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், உத்தராகண்ட் என ஒன்பது மாநிலங்கள். 2 கோடி பேருக்கு மேல். உயர்சாதி இந்துக்களோடு ஒப்பிட்டால் பழங்குடியினரின் ஆயுட்காலம் 4 ஆண்டுகளுக்கு மேல் குறைவு. தலித்துகளுக்கு 3 ஆண்டுகளுக்கு மேல் குறைவு. முஸ்லிம்களுக்குச் சுமார் ஓராண்டு குறைவு.

14.6 எங்கே, 3 எங்கே என்று தோன்றலாம். மூன்று ஆண்டு சிறிய எண் இல்லை. ஒரு சமூகத்தின் ஒவ்வொரு குழந்தையின் கணக்கிலிருந்தும், பிறந்த அன்றே, மூன்று ஆண்டுகள் கழிக்கப்படுகின்றன என்று இதைப் படியுங்கள். தமிழ்நாடு இந்த ஒன்பதில் இல்லை என்பதும் நினைவிருக்கட்டும். நம் மாநிலத்துக்கு எண் என்ன என்று கேட்கும் வேலை நமக்கு இருக்கிறது.

அந்த ஆய்வில் இன்னொரு முடிவு உண்டு. எனக்கு அதுதான் முக்கியம். தலித்துகள் ஏழைகள், ஏழைகள் சீக்கிரம் சாகிறார்கள், இதில் சாதி எங்கே வந்தது என்று கேட்பார்கள். பொருளாதார நிலையை வைத்து இந்த இடைவெளியில் பாதியைக்கூட விளக்க முடியவில்லை என்று அவர்கள் காட்டினார்கள். ஒரே அளவு வசதியுள்ள வீடுகளை ஒப்பிட்டாலும் இடைவெளி மிச்சம் இருக்கிறது. கொலம்பியாவில் படித்தவர் வீட்டில் ஏன் பிள்ளைகள் இறந்தார்கள் என்று தொடக்கத்தில் கேட்டேனே, பட்டமும் பணமும் தொடாத ஏதோ ஒன்று இருக்கிறது என்பதை இந்தக் கணக்கு சொல்கிறது.

குழந்தைகளின் கணக்கும் அப்படித்தான். 2015–16 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குள் இறந்தவர்கள் ஆயிரத்துக்கு எத்தனை பேர்? பழங்குடியினரில் 57.2. பட்டியல் சாதியினரில் 55.9. பிற்பட்டோரும் சேராத இதர பிரிவினரில் 38.5.

தேய்மானம்

அந்த ஏதோ ஒன்று என்ன? அமெரிக்காவில் ஆர்லின் ஜெரோனிமஸ் என்ற ஆய்வாளர் கறுப்பினத் தாய்மார்களை ஆராய்ந்தார். வெள்ளையினப் பெண்களில், பதின்வயதில் பெறுவதைவிட இருபதுகளில் பிள்ளை பெறுபவர்களின் குழந்தைகள் நலமாக இருந்தன. கறுப்பினப் பெண்களில் அது தலைகீழாக இருந்தது. வயது ஏற ஏற உடம்பு முதிர்ந்து பலம் கூட வேண்டிய காலத்தில், அவர்கள் உடம்பு ஏற்கெனவே களைத்துப்போயிருந்தது. வெயிலிலும் மழையிலும் கிடக்கும் மரம் இற்றுப்போவதைப் போல, நிறவெறியைச் சுமக்கும் உடம்பு முன்கூட்டியே மூப்படைகிறது என்று 1992-இல் அவர் எழுதினார். அதைத் தேய்மானம் என்று தமிழில் சொல்லலாம்.

நம் ஊர்களில் இதற்கு நேர்மாறான ஒரு பேச்சு புழங்குகிறது. “உழைக்கிற உடம்புய்யா, வைரம் பாஞ்ச கட்டை. கூழக் குடிச்சே நூறு வயசு இருந்தாங்க உங்க ஆளுங்க.” இது பாராட்டு மாதிரி ஒலிக்கும். யோசித்துப் பாருங்கள். நூறு வயது இருந்த ஒரு கிழவரைத்தான் கண்ணால் பார்க்க முடியும். அவரோடு பிறந்து இரண்டு வயதில் வயிற்றுப்போக்கில் போனவரையும், இருபதில் பிரசவத்தில் போனவரையும், நாற்பதில் காசநோயில் போனவரையும் பார்க்க முடியாது. மிஞ்சியவரைக் காட்டி, போனவர்களை மறைக்கிற பேச்சு இது. இந்தப் பேச்சால் இன்னொரு வசதியும் உண்டு. உடம்பு வைரம் என்றால் அதற்குக் கையுறை வேண்டாம், முகமூடி வேண்டாம், ஓய்வு வேண்டாம், கூலியும் கூட்ட வேண்டாம். கல் குவாரியின் தூசி நுரையீரலில் படிந்தால் வைரம் பாய்ந்த கட்டைக்கும் மூச்சு அடைக்கத்தான் செய்யும்.

மலக்குழிச் சாவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு முதலில் அழுகிய முட்டை மாதிரி நாறும். அளவு கூடும்போது அது மூக்கின் நுகரும் திறனையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டது, இறங்கலாம் என்று தோன்றும். இன்னும் கூடினால் சில மூச்சுகளில் நினைவு தப்பும். விழுந்தவரைத் தூக்க இறங்குகிறவரும் விழுவார். ஒரே குழியில் இரண்டு பேர், மூன்று பேர் என்று செய்தி வருவது இதனால்தான். இது வேதியியல். ஆனால் அந்தக் குழிக்குள் யார் இறக்கப்படுகிறார்கள் என்பதில் வேதியியல் எதுவும் இல்லை.

1993-இல் ஒரு சட்டம் வந்தது. 2013-இல் இன்னும் கடுமையான சட்டம் வந்தது. சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் தொடுத்த வழக்கில் 2014-இல் உச்ச நீதிமன்றம் ஒரு சாவுக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்றது. 2023-இல் இன்னொரு தீர்ப்பில் அதை 30 லட்சமாக்கியது. அந்தப் பணம் குடும்பத்துக்கு வேண்டும், போராடி வாங்க வேண்டும். ஆனால் முப்பது ஆண்டுகளில் இழப்பீட்டுத் தொகை ஏறியிருக்கிறது, குழிக்குள் மனிதர் இறங்குவது நிற்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

விதியும் ரோகிணி ஆறும்

இவ்வளவையும் விளக்க நம் நாட்டில் ஒரே சொல் போதும் என்றிருந்தது. தலைவிதி. ஆயுள் முடிந்தது, போய்ச் சேர்ந்தான். திருக்கடையூரில் ஒரு கதை உண்டு. பதினாறு வயதுதான் என்று விதிக்கப்பட்ட மார்க்கண்டேயனுக்காக இறைவன் எமனையே உதைத்தாராம். இன்றும் அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் செய்துகொள்ள அங்கே கூட்டம் போகிறது. விதியை மாற்றலாம் என்றுதான் அந்தக் கதையே சொல்கிறது. யாருக்காக மாற்றலாம் என்பதில்தான் சிக்கல். அதே பழைய தஞ்சை மாவட்டத்தில்தான் கீழ்வெண்மணி இருக்கிறது. 1968 டிசம்பர் 25 இரவில், கூலி கேட்ட குற்றத்துக்காக, ராமையாவின் குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அவர்களுடைய ஆயுளை எந்த ஜாதகம் குறித்தது? 1957-இல் பரமக்குடியில் கொல்லப்பட்டபோது இம்மானுவேல் சேகரனுக்கு வயது 32. அதை எழுதியது பிரம்மனா, கொலைகாரனா?

பாபாசாகேப் இந்த இடத்தில் நமக்கு ஒரு வழி காட்டிவிட்டுப் போயிருக்கிறார். சித்தார்த்தர் ஒரு கிழவரையும் நோயாளியையும் பிணத்தையும் பார்த்துத் துறவியானார் என்பது மரபுக்கதை. ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலில் அவர் அதை ஏற்கவில்லை. 29 வயது வரை ஒருவர் மூப்பையும் சாவையும் பார்க்காமல் இருந்திருக்க முடியுமா என்று கேட்கிறார். அதற்குப் பதில் அவர் முன்வைத்த காரணம் ரோகிணி ஆற்றுத் தண்ணீர். சாக்கியருக்கும் கோலியருக்கும் அந்தத் தண்ணீரைப் பங்கிடுவதில் சண்டை. போர் வேண்டாம் என்று நின்றதால் சித்தார்த்தர் நாட்டைவிட்டுப் போக நேர்ந்தது.

இது சின்ன மாற்றம் மாதிரி தெரியும். மூப்பும் சாவும் எல்லோருக்கும் பொது. அதைப் பார்த்து ஒருவர் காட்டுக்குப் போகலாம். தண்ணீர்ச் சண்டை மனிதர் உண்டாக்கியது. அதை மனிதர்தான் தீர்க்க வேண்டும். துக்கத்தைப் பற்றிய கேள்வியை அவர் சாவிலிருந்து எடுத்துச் சமூகத்தில் வைத்தார். எண்பது வயதில் புத்தரும் இறந்தார். எல்லாம் மாறும், எல்லாம் முடியும் என்பதை பௌத்தம் மறைப்பதில்லை. ஆனால் முடிவு உண்டு என்பதை ஏற்பது வேறு, முன்கூட்டியே முடித்துவைப்பதை ஏற்பது வேறு. அநித்தியத்தைச் சொல்லி அநீதியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்பவரிடம் ரோகிணி ஆற்றைச் சொல்லுங்கள்.

ரோகித் வெமுலா 2016 ஜனவரி 17 அன்று இறந்தபோது அவருக்கு 27 வயது நிரம்பவில்லை. கார்ல் சாகனைப் போல அறிவியல் எழுத வேண்டும் என்பது அவர் ஆசை. விண்மீன்களின் வயதையும் உயிர்களின் வயதையும் நமக்கு எழுதியிருக்க வேண்டியவர். மாணவர்களே, அந்த ஆசையை யாராவது எடுத்துக்கொள்ளுங்கள். அறிவியல் நமக்கு அயலான துறை இல்லை.

நாம் செய்ய வேண்டியது

நம் முன்னோருக்கு ஊரார் சுமத்திய வேலைகளில் ஒன்று சாவுச் சேதி சொல்வது. யார் வீட்டில் இழவு விழுந்தாலும் ஊர் ஊராக நடந்து சேதி சொன்னார்கள். பறை அடித்தார்கள், குழி வெட்டினார்கள், பிணம் எரித்தார்கள். ஊரில் இறந்த எல்லோருடைய கணக்கும் அவர்கள் தலையில் இருந்தது. அவர்களுடைய சாவுக்கணக்கு எந்த ஏட்டிலும் இல்லை. இன்றும் நம் பாட்டிகளிடம் வயது கேட்டால் புயல் வருஷத்தில் எனக்குக் கல்யாணம், பஞ்சத்தில் நான் கைக்குழந்தை என்கிறார்கள். பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதிதான் பலருக்குப் பிறந்தநாள்.

அதனால் மூன்று வேலைகளைச் சொல்கிறேன். ஒன்று, எழுதுவது. நம் தெருவில் ஓராண்டில் இறந்தவர்கள் எத்தனை பேர், வயது என்ன, என்ன வேலை செய்தார்கள், என்ன நோய், மருத்துவமனைக்கு எப்போது போனார்கள், அங்கே எப்படி நடத்தப்பட்டார்கள். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஒவ்வொரு கிளையும் செய்தால் ஐந்து ஆண்டில் யாராலும் தள்ள முடியாத ஆவணம் ஆகிவிடும்.

இரண்டு, கேட்பது. மாதிரிப் பதிவுத் திட்டத்தின் மூலம் அரசு வெளியிடும் ஆயுட்கால அட்டவணை மாநிலவாரியாக வருகிறது, ஆண் பெண் என்று வருகிறது, கிராமம் நகரம் என்று வருகிறது. சாதிவாரியாக வருவதில்லை. இட ஒதுக்கீட்டில் எத்தனை இடம் என்று கேட்டோம். வாழ்நாளில் எத்தனை ஆண்டு என்றும் கேட்க வேண்டும்.

மூன்று, காப்பது. இது இலக்கிய மன்றம் என்பதால் சொல்கிறேன். எழுத்துக்கும் ஆயுள் உண்டு, அதையும் சாதி குறைத்திருக்கிறது. ரெட்டைமலை சீனிவாசன் 1893-இல் தொடங்கிய ‘பறையன்’ இதழ் 1900 வரை வந்தது. அயோத்திதாசர் 1907-இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கினார், 1914-இல் இறந்தார். அவர் எழுத்துகளை ஞான. அலாய்சியஸ் தொகுத்து, பாளையங்கோட்டை நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் வெளியிட்டது 1999-இல். இடையில் 85 ஆண்டுகள். அத்தனை காலம் யார் யாரோ வீட்டுப் பரண்களில் பழைய தாள்களைக் காப்பாற்றி வைத்திருந்ததால்தான் அந்தத் தொகுப்பு நமக்குக் கிடைத்தது. பாபாசாகேபின் எழுத்துகளை மகாராஷ்டிர அரசு தொகுதிகளாக வெளியிடத் தொடங்கியதே 1979-இல்தான். உங்கள் வீட்டில் பழைய துண்டறிக்கையோ, இதழோ, பெரியவர் கைப்பட எழுதிய நோட்டோ இருந்தால் மன்றத்துக்குக் கொண்டுவாருங்கள். பேசத் தெம்புள்ள பெரியவர்களின் பேச்சைப் பதிவு செய்யுங்கள்.

மனித உடம்பு நூறு ஆண்டுக்கு மேலும் தாங்கும் என்று பார்த்தோம். நம் பிள்ளைகளின் உடம்பும் அதே உடம்புதான். அவர்கள் எழுபதைத் தாண்டுவதற்கு வரமோ பரிகாரமோ வேண்டியதில்லை. நல்ல குடிநீர், நிறைவான உணவு, மரியாதையோடு தொட்டுப் பார்க்கும் மருத்துவர், குழிக்குள் இறங்க வேண்டாத வேலை ஆகியவை வேண்டும். இவற்றில் எதுவும் மனிதரால் முடியாதது இல்லை.